சூடம் அணைத்த கை

காளப்பநாயக்கன்பட்டி
5.1.2025

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்குத் தம்பி காளியண்ணன் வணங்கி எழுதுவது.

சுகுணாவும் நானும் இங்கே குறையின்றி இருக்கிறோம். மலையில் மார்கழிக் குளிர் இம்முறை கடுமை என்று எஸ்டேட் மேனேஜர் அருள்பிரகாஷ் சொன்னார். காது எந்திரத்தை நீங்கள் பெட்டியை விட்டு எடுப்பதே இல்லை என்றும் சொன்னார். கைபேசியில் நான் கத்துகிற கத்தலுக்கு ஆபீசே எழுந்து நிற்கிறது, உங்களுக்குத்தான் கேட்பதில்லை. ஆகவே, பழையபடி கடிதமே நமக்குச் சரி.

வருகிற ஆவணியில் நம் பொன்னாத்தாள் குழுமத்துக்கு அறுபது ஆண்டு நிறைகிறது. அப்பா குத்தகைக்கு எடுத்த ஒரு சேகோ மில், அம்மாவின் பெயரை வைத்துக்கொண்டு இன்று நூற்பாலை, லாரிகள், கோழித்தீவனம், கல்லூரி, காபித் தோட்டம் என்று நாலாயிரம் பேருக்கு வேலை கொடுக்கிறது. இதை ஒரு புத்தகமாகக் கொண்டுவர வேண்டும் என்று கௌசிகா பிடிவாதமாக இருக்கிறாள். அவள் என் மகள். பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் அத்தியாயத்தை நீங்கள்தான் எழுத வேண்டும் என்கிறாள். அப்பா செங்கோட்டையனோடு முதல் பத்தாண்டுகள் தோள் கொடுத்து நின்றவர் நீங்கள் ஒருவர்தான். நமக்குள் தமிழ் தெரிந்தவரும் நீங்கள்தான். மலையில் ஆலத்தூர் நாட்டுக் கிடங்கு அமைந்த கதை விரிவாக வரட்டும். சின்னராசு மனமுவந்து நிலம் கொடுத்தார் என்று அப்பா சொல்வாரே, அதே மாதிரி எழுதிவிடுங்கள்.

கால்வலிக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். தடவிக்கொள்ளவும்.

தங்கள் தம்பி,
காளியண்ணன்

●

கொல்லிமலை
22.1.2025

அன்புத் தம்பி காளியண்ணனுக்கு அர்த்தனாரி எழுதுவது. உனக்கும் சுகுணாவுக்கும் கௌசிகாவுக்கும் இறைவன் திருவருள் என்றும் துணை நிற்பதாக.

இங்கு என் உடல் அதன் வயதுக்கு ஏற்ப இயங்குகிறது. தைலம் வந்தது. அதன் வாசனை பூசையறை வரை எட்டுகிறது என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

கௌசிகா கேட்டபடி முதல் நான்கு ஆண்டுகளை எழுதி இத்துடன் அனுப்புகிறேன். 1965 ஆவணியில் அப்பா குத்தகைக்கு எடுத்த அந்த ஆலையில் மோட்டார் கிடையாது. மாவை வெள்ளைத் துணியில் கட்டி இருவர் எதிரெதிர் நின்று குலுக்குவோம்; உருண்டை சமமாகும் வரை கை ஓயக் கூடாது. அம்மா களத்தில் ஜவ்வரிசி காய வைத்து, காக்கை விரட்டிக்கொண்டே சமையலும் பார்ப்பாள். மரவள்ளிக் கிழங்குக்குத் தரகர்களை நம்பியிருந்தோம். அவர்கள் ஒருநாள் கிழங்கை வேறு ஆலைக்கு மாற்றிவிட்டால் அன்று அடுப்பு எரியாது. ஒருமுறை அப்பா வெறும் களத்தில் அமர்ந்து, "கெழங்கு வெளையற எடத்துக்கே நாம போயிரணும் கண்ணு," என்று என்னிடம் சொன்னார். நம் குழுமத்தின் வரலாறு அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது என்று எழுதியிருக்கிறேன்.

1968 வரை வந்து நிறுத்திவிட்டேன். கிடங்கின் கதையைப் பிறகு எழுதுவேன். ஓய்வு பெற்று நான் மலைக்கு வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. அந்தக் கிடங்குக்கு அருகிலேயே வாழ்ந்தும், அதைப் பற்றி எழுத அமர்ந்தால் பேனா நகரவில்லை. முதுமை என்று வைத்துக்கொள்.

நீ சர்க்கரை மாத்திரையை மறக்காதே.

உன் நலம் நாடும் அண்ணன்,
அர்த்தனாரி

●

காளப்பநாயக்கன்பட்டி
3.2.2025

அண்ணன் அவர்களுக்கு வணக்கம்.

தாங்கள் எழுதியதைச் சுகுணா உரக்கப் படித்தாள். அம்மா காக்கை விரட்டிய இடத்தில் அவளால் மேலே படிக்க முடியவில்லை. கௌசிகா ஒரு எழுத்தைக்கூட மாற்றப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

ஆனால் 1969 இல்லாமல் புத்தகம் நிற்காது, அண்ணா. மலைக்கிழங்கு முழுவதும் ஒரே இடத்தில் சேர்ந்ததும், கழுவ வற்றாத ஊற்று கிடைத்ததும், தரகர் தொல்லை ஒழிந்ததும் அந்தக் கிடங்கால்தான். முதல் லாரி வாங்கியதே அங்கிருந்து கிழங்கு இறக்கத்தான். மற்ற எல்லாம் அந்த லாரியின் பின்னால் வந்தவை. இரண்டு பக்கம் எழுதினால் போதும். பங்குனிக்குள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

இங்கே எல்லோரும் நலம். மாத்திரை தவறாமல் போடுகிறேன். சுகுணா எண்ணிப் பார்க்கிறாள்.

தங்கள் தம்பி,
காளியண்ணன்

●

கொல்லிமலை
14.3.2025

அன்புத் தம்பிக்கு.

உன் குடும்பத்தார் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். விடை எழுத நாற்பது நாள் ஆயிற்று. நோய் எதுவும் இல்லை. நாள்தோறும் எழுத அமர்ந்து, நாள்தோறும் தாளைக் கிழித்தேன்.

நீ கேட்ட இரண்டு பக்கங்களை இங்கே எழுதுகிறேன். இவை புத்தகத்துக்கு ஆகுமா என்று படித்த பின் நீயே சொல்.

1969 மாசியில் அப்பாவும் நாம் இருவரும் சின்னராசுவின் வயலுக்குப் போனோம். உனக்கு அப்போது பத்தொன்பது. கல்லூரி விடுமுறையில் வந்திருந்தாய். எனக்கு இருபத்திரண்டு. ஊற்றங்கரை மேட்டில் நின்று கிடங்குக்கு இடம் கேட்டார் அப்பா. சின்னராசு வெகு நேரம் யோசித்தார். பிறகு, "இந்த ஒரு வெள்ளாமைக்குக் கொட்டாய் போட்டுக்குங்க. அடுத்த மழைக்கு நான் சாமை வெதைக்கோணும்," என்றார். சொன்னது அவ்வளவே. நாம் மூவரும் கேட்டோம்.

மழை வந்தது. அவர் ஏர் கட்டிக்கொண்டு வந்தார். அப்பா கொட்டகையைப் பிரிக்கவில்லை. நிலத்தை நிரந்தரமாகக் கொடுத்துவிட்டதாக வாதிட்டார். வழக்கு ஊர்க்கூட்டத்துக்குப் போனது. மலையில் இதற்கு ஒரு முறை உண்டு. ஊர் எல்லையில் உள்ள கருப்பனார் கல்லின் முன் சூடம் ஏற்றி, பேச்சைக் காதால் கேட்டவன் எதிராளிக்கு முன்னால் அதைச் சொல்லி, எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைக்க வேண்டும். அணைத்தவன் சொல் முடிவு. அதன் பிறகு மறுபேச்சு இல்லை.

கூட்டத்துக்கு முந்தைய நாள் உன்னைச் சேலம் விடுதிக்கு அனுப்பிவிட்டார் அப்பா. கூட்டத்தன்று காலை நான் பூசை முடித்து எழுந்தபோது கதவருகே நின்றிருந்தார். "எனக்குக் கை நடுங்குது கண்ணு. நீ சாமி கும்புடறவன். நீ சொன்னாச் சாமி பொறுத்துக்கும்," என்றார்.

நான் சொன்னேன். சின்னராசு நிலத்தை எங்களுக்கே கொடுத்தார் என்று நெற்றி நிறையத் திருநீற்றோடும் கழுத்தில் உருத்திராக்கத்தோடும் சொல்லி, சூடத்தை அணைத்தேன். வேறொருவன் சொல்லியிருந்தால் ஐயம் எழுந்திருக்கும். பதிகம் ஓதுகிற பையன் பொய் சொல்ல மாட்டான் என்று ஊரார் நம்பினர். சின்னராசு என் முகத்தைப் பார்த்தார். மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. சூடம் அணைந்த பின் பேசுவது அவர்கள் வழக்கத்தில் தெய்வக் குற்றம்.

கொடுத்ததை இல்லை என்று மறுத்தவர் என்று ஊர் அவர்மேல் தீர்ப்புச் சொன்னது. அன்று முதல் அவர் வீட்டுத் தட்டிலிருந்து ஒருவரும் வெற்றிலை எடுப்பதில்லை. வெற்றிலை எடுக்காத வீட்டில் சம்பந்தம் செய்வதில்லை. அவ்வீட்டாருக்குக் கூட்டத்தில் இடமும் இல்லை. இன்று சின்னராசு இல்லை. அவர் மகள் ராமாயி அதே வீட்டில் இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வெளியூரில் எங்கோ ஒரு வரன் பார்த்துக் கட்டி வைத்தார்களாம்; அவரும் காரணம் தெரிந்த பின் விட்டுப் போய்விட்டாராம். பெற்ற மகள் அருள்மொழிக்கும் இதே சுவர்தான் எதிரே நிற்கிறது. ஐம்பத்தாறு ஆண்டுகளாக அந்தத் தட்டு நிறைந்தபடியே இருக்கிறது.

தம்பி, பூசையில் கை கூப்பும்போதெல்லாம் வலது கை எனக்கு அந்நியமாக இருக்கிறது. எவ்வளவு நீறு பூசினாலும் அதன் மேல் படிவதில்லை போலத் தோன்றுகிறது. வெட்கத்தைச் சொல்லுக்குள் அடக்க இத்தனை ஆண்டு கற்ற தமிழ் எனக்கு உதவவில்லை.

இதைப் புத்தகத்தில் போடுவாயா?

அர்த்தனாரி

●

காளப்பநாயக்கன்பட்டி
9.4.2025

அண்ணன் அவர்களுக்கு வணக்கம். தங்கள் உடல்நலம் விசாரிக்கிறேன்.

கடிதம் கிடைத்தது. வீட்டில் யாருக்கும் காட்டவில்லை. பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன்.

அன்று ஊற்றங்கரையில் என்ன பேசினார்கள் என்று எனக்கு நினைவில்லை. சின்ன வயது. அப்பா இல்லாத இந்த நேரத்தில் அவர் பெயருக்குக் களங்கம் வரும்படி நாம் நடந்துகொள்வது முறையா என்று தாங்கள் யோசிக்க வேண்டும். நாலாயிரம் குடும்பங்களையும் யோசிக்க வேண்டும்.

இருந்தாலும் தங்கள் மனம் வருந்துவதை நான் அலட்சியம் செய்யவில்லை. ஒரு நல்ல வழி கண்டிருக்கிறேன். புத்தகத்தின் முதல் பக்கத்தில் அப்பா படத்துக்கு எதிரே சின்னராசுவின் படம் வரும். "குழுமத்துக்கு முதல் நிலம் தந்த வள்ளல்" என்று அடியில் எழுதுகிறோம். கல்லூரி நூலகத்துக்கு அவர் பெயர். ஆவணி விழாவில் ராமாயி அம்மாளை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். மகளுக்கு நம் கல்லூரியில் வேலையும் ஆகும். நாமக்கல் முழுக்க அந்தக் குடும்பத்தின் பெயர் தெரிந்துவிடும். இதைவிட வேறென்ன மரியாதை வேண்டும்?

புத்தகத்தில் வரும் அந்தப் படமும் வரியும் போட்ட அழைப்பிதழ் மாதிரியை அருள்பிரகாஷ் மூலம் நேரே அவர்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். தாங்கள் நிம்மதியாகப் பூசையைப் பாருங்கள். 1969-ஐ கௌசிகாவே எழுதிவிடுவாள்.

தம்பி,
காளியண்ணன்

●

ஆலத்தூர் நாடு
20.4.2025

பெரியவர் அர்த்தனாரி அவர்களுக்கு, சின்னராசு மகள் ராமாயி சொல்ல, மகள் அருள்மொழி எழுதுகிறேன். தாங்கள் நலமாக இருக்க வேண்டும். அம்மா சொன்னதைச் சொன்னபடியே கீழே எழுதியிருக்கிறேன்.

"உங்க மேனேசரு பத்திரிக்கை கொண்டாந்து குடுத்தாருங்க. எங்கப்பன் படம் நல்லாத்தான் இருக்குது. எங்க ஊட்டுல இல்லாத படம். ரேசன் ஆபீசுல இருந்து எடுத்தோம்னு சொன்னாரு. கீழ என்ன எழுதியிருக்குதுன்னு மகளப் படிக்கச் சொன்னேன். நெலம் குடுத்த வள்ளல்னு போட்டிருக்குதுங்களாம்.

எங்கப்பன் குடுக்கலீங்க. குடுக்கலைன்னு சொன்னதுக்குத்தான் ஊரு எங்கள ஒதுக்குச்சு. இப்பக் குடுத்தாருன்னு நீங்க பொஸ்தகத்துல போட்டா, அன்னைக்கு அவர் சொன்னது பொய்தான்னு ஆயிருமுங்க. ஊர்ல ஒருத்தரு வந்து, 'பாத்தீங்களா, கடேசில ஒத்துக்கிட்டீங்க'ன்னு சொல்லிட்டே போயிட்டாரு. நீங்க போத்தற துணியப் போட்டுக்கிட்டு நான் மேடையில நின்னா, நானே எங்கப்பனப் பொய்யன்னு சொன்ன மாதிரிங்க.

எனக்கு வேலையும் வேண்டாம், லைப்ரேரியும் வேண்டாம். எங்க ஊட்டுத் தட்டுல ஊரு வெத்தல எடுக்கோணும். அது எப்படி நின்னுதோ அப்படித்தான் திரும்பி வரோணும். அது உங்களுக்குத் தெரியுமுங்க."

பத்திரிகையைத் திருப்பி இத்துடன் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ராமாயி (கைநாட்டு)
எழுதியது: அருள்மொழி

●

கொல்லிமலை
3.5.2025

அன்புத் தம்பிக்கு. அனைவரும் நலமாயிருக்க.

ராமாயி எழுதியனுப்பிய கடிதத்தைப் படி எடுத்து இணைத்துள்ளேன். நீ நன்மை என்று எண்ணியே செய்தாய். நானும் உன் கடிதத்தைப் படித்தபோது, ஒரு கணம், இத்துடன் தீர்ந்தது என்று மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியை நினைத்தால் இப்போது தாளின் மேல் தலை கவிழ்கிறது. பொய்யை நான் ஒருமுறை சொன்னேன். நாம் அதற்குப் பொன்னாடை போர்த்தி, அவர் மகளையே மேடையில் நிறுத்தி, இரண்டாம் முறை சொல்ல இருந்தோம்.

புத்தகத்திலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்துவிடு.

வைகாசிக் கடைசியில் கருப்பனார் கல்லின் முன் ஊர்க்கூட்டம் கூடுகிறது. ஊர்க்கவுண்டர் முருகானந்தத்திடம் பேச அனுமதி கேட்டுப் பெற்றுவிட்டேன். எங்கே சொன்னேனோ அங்கேயே நின்று, சொன்னது பொய் என்று சொல்லப்போகிறேன். அவர்கள் முறைப்படி சூடமும் அணைப்பேன். நீ தடுக்க நினைக்காதே. ஆசி தருவாய் என்று கேட்கவும் எனக்கு உரிமை இல்லை.

வெயில் கடுமையாக இருப்பதாகக் கேள்வி. வெளியே சுற்றாதே.

அர்த்தனாரி

●

காளப்பநாயக்கன்பட்டி
10.5.2025

அண்ணன் அவர்களுக்கு.

நலம். தாங்கள் போகக் கூடாது. வக்கீலிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். ஒரு வாக்குமூலம் போதும், கிடங்கு மட்டுமல்ல, அதை அடமானம் வைத்து எழுப்பிய எல்லாவற்றையும் பிடித்து இழுப்பார்கள் என்கிறார். அறுபது ஆண்டு உழைப்பு, அண்ணா. தங்கள் மன நிம்மதிக்கு நாங்கள் எல்லோரும் விலை கொடுக்க வேண்டுமா? பூசை செய்கிறவர்கள் தங்களைப் பற்றியே நினைப்பார்கள் என்று அப்பா ஒருமுறை என்னிடம் சொன்னார். அன்று நான் நம்பவில்லை.

காளியண்ணன்

●

கொல்லிமலை
18.6.2025

அன்புத் தம்பிக்கு. நீயும் உன் குடும்பத்தாரும் நலமுடன் இருப்பீர்களாக.

சென்றேன். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

எண்பது பேர் இருந்திருப்பார்கள். ராமாயியும் மகளும் வரிசைக்கு வெளியே, பலா மரத்தடியில் நின்றிருந்தார்கள். உள்ளே அமர அவர்களுக்கு உரிமை இல்லை. காது எந்திரத்தை அன்று மாட்டிக்கொண்டேன். எழுந்து, சின்னராசு ஒரு வெள்ளாமைக்கே இடம் கொடுத்தார் என்றும், நான் அணைத்த சூடம் பொய்ச் சூடம் என்றும், சொல்லச் சொன்னது தந்தையாயினும் சொன்னது என் நா என்றும் சொன்னேன்.

பின்வரிசைக் கிழவர் ஒருவர், "ஏனுங்க பெரியவரே, பட்டை பெருசாப் போட்டாப் பொய் சிறுசாத் தெரியும்னு நெனச்சீங்களா?" என்றார். சிலர் சிரித்தார்கள். சிரிக்காதவர்களைப் பார்ப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று இன்னொருவர் கேட்டார். காலம் கூடி வரவில்லை என்றேன்.

பிறகு தட்டில் சூடம் வைத்து ஏற்றச் சொன்னேன். முருகானந்தம் கை காட்டித் தடுத்தார்.

"நீங்க அணைக்கக் கூடாதுங்க."

ஏன் என்று கேட்டேன்.

"ஒருக்காப் பொய்யா அணைச்ச கைங்க அது. நீங்களே சொல்லிட்டீங்க. இனி அந்தக் கை எதுக்கு அணைச்சாலும் கணக்கில்லீங்க. அன்னைக்குச் சொன்னது பொய்யினா, இன்னைக்குச் சொல்றது நெசம்னு நாங்க எப்படித் தீர்ப்பு சொல்றது?"

"சூடம் விக்கற வெலைக்கு வீணாக்காதீங்க சாமி," என்றார் பின்வரிசைக் கிழவர். இம்முறை ஒருவரும் சிரிக்கவில்லை.

தம்பி, அங்கே நின்றபோது எனக்கு ஒன்று விளங்கியது. குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் நான் தகுதியற்றவன். வெளியே வந்தபோது அத்தகுதியை நானே ஐம்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் கல்லின் முன் எரித்துவிட்டேன் என்பதும் விளங்கியது.

அவர்கள் முறை தெளிவானது. அன்று ஊற்றங்கரையில் அந்தப் பேச்சைக் காதால் கேட்ட வேறொருவர் வந்து அணைக்க வேண்டும். அப்பா இல்லை. சின்னராசு இல்லை. ராமாயி அப்போது ஆறு வயதுக் குழந்தை, அங்கே இல்லை. முருகானந்தம் என்னிடம் கேட்டார்: "கேட்டவங்க வேற ஆரும் உசுரோட இருக்காங்களா?"

உன் பெயரைச் சொன்னேன்.

உனக்கு நினைவில்லை என்று எழுதினாய். அதை நான் மறுக்கவில்லை. நினைவில்லாததைச் சொல்லும்படி ஒருநாளும் கேட்க மாட்டேன். நினைவிருந்தால் மட்டும் வா. அவர்கள் ஆவணிக் கூட்டம் வரை காத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ராமாயி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அர்த்தனாரி

●

கொல்லிமலை
28.7.2025

அன்புத் தம்பிக்கு.

உன்னிடமிருந்து நாற்பது நாளாகக் கடிதம் இல்லை. உடல்நலமில்லையோ என்று அருள்பிரகாஷிடம் கேட்டேன். நன்றாக இருக்கிறாய் என்றார். ஆபீசுக்குப் போகிறாய் என்றார். மனம் அமைதியுற்றது, உடனே அமைதியை இழந்தது.

நாளை மறுநாள் கண் அறுவைக்காகச் சேலம் போகிறேன். நாகலட்சுமியின் வீட்டில் இரண்டு மாதம் இருக்க வேண்டுமாம். என் மகள் கையில் நான் இப்போது குழந்தைதான். புத்தக விழா எப்போது என்று ஒரு வரி எழுது. விழாவுக்கு வர மாட்டேன். தேதியை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மலையில் ஆடிச் சாரல் தொடங்கிவிட்டது. உன் மாத்திரை.

அர்த்தனாரி

●

ஆலத்தூர் நாடு
12.9.2025

சேலத்தில் இருக்கும் பெரியவர் அர்த்தனாரி அவர்களுக்கு, ராமாயி சொல்ல அருள்மொழி எழுதுகிறேன். தங்கள் கண் தேறியிருக்கும் என்று நம்புகிறோம். கண் கட்டு அவிழ்த்த பின் தாங்களே படிக்க வேண்டும், வேறு எவரும் படித்துக் காட்ட வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னார்.

"ஆவணிக் கூட்டத்துக்கு உங்க தம்பி வந்தாருங்க. காரு கொண்டாரல. நம்ம ஊருக்கு வர்ற பஸ்ஸுல வந்து எறங்கி, கேட்டுக் கேட்டு நடந்து வந்தாரு. உங்களுக்குச் சொல்லலீங்களாம், சொன்னாப் பயந்து திரும்பிருவேன்னு சொன்னாரு.

முருகானந்தம் அவருகிட்ட ரெண்டு தரம் கேட்டாரு. 'கொஞ்சம் நெனப்புத்தானுங்களா, நல்லா நெனப்புங்களா'ன்னு. உங்க தம்பி தலை நிமுரவே இல்ல. 'சின்னராசு இந்த ஒரு வெள்ளாமைக்குத்தான் குடுத்தாருங்க. அடுத்த மழைக்குச் சாமை வெதைக்கோணும்னாரு. நானு பக்கத்துல நின்னு கேட்டேன். கேக்காத மாதிரி ஐம்பத்தாறு வருசம் மொதலாளியா இருந்துட்டனுங்க'ன்னாரு. சொல்லிட்டுச் சூடத்த அணைச்சாரு. பழக்கமில்லாத கையி, எடுக்கத் தெரியாம அழுத்திப்புட்டாரு. உள்ளங்கை வெந்துருச்சு. அருள்மொழி மருந்து போட்டு உட்டா. அவளத்தான் அழாதன்னு சொல்லிட்டு இருந்தாரு; அழுதது அவரு.

நெலத்தப் பத்தி வக்கீலு கூட வந்து பேசறேன்னு போனாரு. பொஸ்தகம் இந்த வருசம் வரலீங்களாம். அது உங்க ஊட்டுச் சங்கதி.

ஊரு எங்கள உள்ள கூப்புட்டு உக்கார வச்சுச்சுங்க. எங்க தட்டுல மொத வெத்தலைய முருகானந்தம் எடுத்தாரு. அப்புறம் எல்லாரும் எடுத்தாங்க. தட்டு காலியானத எனக்கு நெனவு தெரிஞ்சு அன்னைக்குத்தான் பாக்கறனுங்க. எங்கப்பன் பேரு சுத்தமாயிருச்சு.

நான் உங்கள மன்னிக்கோணும்னு முருகானந்தத்துகிட்டச் சொல்லி அனுப்பியிருந்தீங்க. அதுக்குப் பதில் சொல்லத்தானுங்க இந்தக் காயிதம்.

நீங்க மலைக்குக் குடி வந்து எட்டு வருசம் எங்கப்பன் உசுரோட இருந்தாருங்க. காலைல நீங்க கோயிலுக்குப் போவையில எங்க ஊட்டு வாசல் வழியாத்தான் போவோணும். வேற தடமில்ல. உங்க செருப்புச் சத்தம் கேட்டாப் போதும், படுத்திருந்தாலும் எந்திரிச்சு வந்து வேலியோரமா நிப்பாரு. 'வயசாயிருச்சு, சாமி கும்புடற மனுசன், இன்னைக்குச் சொல்லிருவாரு'ன்னு எங்கிட்டச் சொல்லுவாரு. நீங்க தலையக் குனிஞ்சுட்டே போயிருவீங்க. சாகற அன்னைக்கு முந்தின நாளு கூட வேலியப் புடிச்சுட்டு நின்னாருங்க. நீங்க அன்னைக்கும் போனீங்க.

கூட்டத்துல எல்லாம் சொன்னீங்க. அத மட்டும் சொல்லலீங்க.

அந்தப் பதிலு எங்கிட்ட இல்லீங்க. கண்ணப் பாத்துக்குங்க."

இப்படிக்கு,
ராமாயி (கைநாட்டு)
எழுதியது: அருள்மொழி